யாருடைய ஆயுள்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்

நம் கல்லூரியில் கார் வைத்திருக்கும் மாணவர்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினால் விரல்கள்தாம் மிஞ்சும். பேராசிரியப் பெருமக்களைச் சேர்த்துக்கொண்டாலும், தானே கியர் மாறிக்கொள்ளும் கார் வைத்திருப்பவர்கள் இருவரோ மூவரோதான் இருப்பர். அப்படியிருக்க, அத்தகைய காரின் கியர் பெட்டி எண்ணெயை வீட்டிலேயே மாற்றுவது பற்றி ஆண்டு மலரில் ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஒரு பொருளைப் பணம் கொடுத்து வாங்கியவன் அதன் மூடியைத் திறந்து பார்க்கலாமா, கூடாதா? திறக்கும் முறையை அவனுக்குப் புரியும் மொழியில் சொல்லும் கடமை யாருடையது? இந்த இரண்டு கேள்விகளும் சைக்கிளில் வருகிறவர்க்கும் உரியவை. கார் எனக்கு ஒரு சாக்கு.

முதலில் பொருளைப் பார்ப்போம். சாதாரணக் காரில் என்ஜினையும் கியர் பெட்டியையும் இணைப்பது ஒரு கிளட்ச் தட்டு. உராய்வினால் பற்றிக்கொள்ளும், காலால் மிதித்தால் விட்டுவிடும். ஆட்டோமேட்டிக் காரில் அந்த இடத்தில் இருப்பது எண்ணெய். இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அதன் காற்று பட்டு, மின்சாரமே இல்லாத மற்றொன்றும் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்து, இரண்டையும் ஒரே கூட்டுக்குள் அடைத்துவிட்டால் கிடைப்பதுதான் 'டார்க் கன்வர்ட்டர்'. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற பொறியாளர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் எண்ணிச் செய்தது காருக்காக அன்று, கப்பலுக்காக. காருக்குள் முழு ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியைப் பெருமளவில் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம். 1939-இல் அறிமுகமான அந்த ஓல்ட்ஸ்மொபில் காரின் கியர் பெட்டிக்கு 'ஹைட்ரா-மேட்டிக்' என்று பெயர்.

ஆகவே, இந்த எண்ணெயை மசகு எண்ணெய் என்று மட்டும் சொல்வது அதன் தகுதிக்குக் குறைவு. சக்தியைக் கடத்துவது அது. அழுத்தத்தால் உள்ளிருக்கும் கிளட்சுகளை இயக்கிக் கியர் மாற்றுவதும் அதுவே. சூட்டை வாங்கிக்கொண்டு போய் வெளியே விடுவது, பற்சக்கரங்களைத் தேயாமல் காப்பது, ரப்பர் வளையங்களைக் காய்ந்துபோகாமல் வைத்திருப்பது ஆகிய வேலைகளும் அதற்கு உண்டு. எல்லாவற்றிலும் வியப்பானது, காகித இழை ஒட்டிய கிளட்ச் தட்டுகள் இந்த எண்ணெயில் மூழ்கியபடியே ஒன்றையொன்று பற்ற வேண்டும் என்பது. முதலில் மென்மையாக வழுக்க வேண்டும், அடுத்த கணம் வழுக்காமல் பிடிக்க வேண்டும். ஒரே திரவத்திடம் இரண்டையும் கேட்கிறோம்! வேதியியல் மாணவர்கள் இதைச் சற்று நின்று யோசித்துப் பார்க்கலாம்.

இந்த இரட்டைக் குணத்துக்காக ஒரு காலத்தில் சேர்க்கப்பட்டது எது தெரியுமா? திமிங்கில எண்ணெய். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையிலிருந்தும் உடலிலிருந்தும் எடுக்கப்படும் எண்ணெய், நம் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போலக் கிளிசரைடு அன்று. மெழுகு எஸ்டர் வகையைச் சேர்ந்தது. சூட்டையும் அழுத்தத்தையும் அது நன்றாகத் தாங்கும். அமெரிக்கா 1970-இல் அந்தத் திமிங்கிலத்தை அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்த பிறகு, எண்ணெய்க் கம்பெனிகள் மாற்றுப் பொருள் தேடி அலைய நேர்ந்தது. ஹொஹோபா என்னும் பாலைவனச் செடியின் விதையிலும் அதே மெழுகு எஸ்டர் இருப்பது அப்போது பெரிதும் பேசப்பட்டது. கியர் பெட்டிக்குள் ஒரு கடலும் ஒரு பாலைவனமும் வந்து போயிருக்கின்றன என்று நான் வகுப்பில் சொன்னபோது தோழியர் நம்பவில்லை.

இனி வழக்குக்கு வருகிறேன். பல ஆட்டோமேட்டிக் கார்களைப் பற்றி, "இந்த எண்ணெயை ஆயுள் முழுதும் மாற்றத் தேவையில்லை" என்று சொல்லப்படுகிறது. ஆயுள் என்றால் யாருடைய ஆயுள்? காரின் ஆயுளா, உத்தரவாதக் காலத்தின் ஆயுளா, முதல் சொந்தக்காரர் அதை விற்கும் வரையிலான ஆயுளா? எண்ணெய் ஒரு கரிமச் சேர்மம். சூட்டில் ஆக்ஸிஜனோடு வினை புரியும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்ற பொது விதியை அர்ரீனியஸ் சமன்பாட்டோடு சேர்த்து நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். நல்ல நிலையிலுள்ள கியர் பெட்டியில் எண்ணெய் 80, 90 டிகிரி சென்டிகிரேடில் இருக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், வாகன நெரிசலில், ஏ.சி.யும் போட்டு ஊர்ந்துகொண்டிருக்கும் காரிலும் அதே கணக்கா? கொல்லி மலையில் ஏறும்போது? குளிர்நாட்டில் எழுதிய ஆயுளை நாமக்கல்லில் அப்படியே படிக்க முடியாது. எண்ணெய் ஆக்ஸிஜனேற்றம் அடையும்; அதில் கலந்துள்ள சேர்மானங்கள் தீர்ந்துபோகும்; கிளட்ச் தட்டின் துகள்களும் இரும்புப் பொடியும் சேரும். செம்மை நிறம் பழுப்பாகி, பிறகு கருத்து, கடைசியில் கருகிய வாடை வரும். சாகாத எண்ணெய் என்று ஒன்று இல்லை.

எங்கள் வீட்டுக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருமைக்கு அன்று, வாதத்துக்குத் தேவைப்படுவதால். என் தந்தை கார் ஓட்டுநர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஒரே முதலாளியிடம் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். முதலாளிக்கு வயதாகிவிட்டது. அவருடைய 2009-ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் காரை யாரும் கேட்கவில்லை. "ஆட்டோமேட்டிக்கா? பெட்டி போனால் யார் பார்ப்பது?" என்று ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். இறுதியில் மிகக் குறைந்த விலைக்கு அது எங்களிடம் வந்தது. மாதம் ஒருமுறை அம்மாவைச் சேலம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதுதான் அதன் முக்கிய வேலை. சென்ற ஆண்டு இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது ஒரு குலுக்கல் ஏற்பட்டது. அப்பா ஒரு பெரிய பணிமனைக்குக் கொண்டுபோனார். பெயர் வேண்டாம். அங்கே இரண்டு தீர்ப்புகளை ஒரே மூச்சில் சொன்னார்கள்: இதன் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டியதில்லை, பெட்டி கெட்டுவிட்டது, வேறு பெட்டி போட எழுபதாயிரம் ஆகும். மாற்றவே வேண்டாத எண்ணெய் இருந்தும் பெட்டி எப்படிக் கெட்டது என்று அப்பா கேட்டிருக்கிறார். பதில் இல்லை.

அந்தக் காரின் கையேடு, முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள சிறு பெட்டியில் தொடக்கத்திலிருந்தே கிடந்தது. பிளாஸ்டிக் உறைகூடக் கசங்கவில்லை. அத்தனை ஆண்டுகள் அந்தக் காரை ஓட்டிய மனிதர் அதை ஒருமுறைகூடத் திறந்ததில்லை, ஏனெனில் அது ஆங்கிலத்தில் இருந்தது. காரின் ஒவ்வொரு முனகலும் அவருக்குத் தெரியும். எந்தச் சக்கரத்தில் காற்றுக் குறைந்திருக்கிறது என்பதைக் கைப்பிடியிலேயே உணர்ந்து சொல்வார். ஆனால் அந்தக் காரைப் பற்றி எழுதப்பட்டது அவருக்கு எழுதப்படவில்லை. முதலாளிக்கு ஆங்கிலம் தெரியும். அவருக்குப் படிக்க வேண்டிய அவசியம் நேரவில்லை. படிக்கத் தெரிந்தவருக்குத் தேவையில்லை, தேவைப்பட்டவருக்குப் படிக்க முடியவில்லை என்ற நிலையில் அந்தப் புத்தகம் வெயிலிலும் மழையிலும் பயணம் செய்துகொண்டிருந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு இரவுகளில் பராமரிப்புப் பகுதியைப் படித்து முடித்தேன். கியர் பெட்டி எண்ணெயை எப்போது மாற்ற வேண்டும் என்று அதில் அட்டவணையே இருந்தது! எந்த எண்ணெய், எவ்வளவு, அளவு பார்ப்பது எப்படி என்பதும் இருந்தது. 'ஆயுள்' என்ற பேச்சே இல்லை. அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எழுதி வெச்சிருக்கறதப் படிச்சுச் சொல்லு கண்ணு, கைக்கு நான் பொறுப்பு" என்றார்.

செய்முறையை விரிவாகவே சொல்கிறேன். செய்ய நினைப்பவர்க்கு உதவும். 'அதெல்லாம் நம்மால் ஆகுமா' என்பவர்க்கும் பதிலாகும்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒருவரும் போகக்கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் கல் ஆகியவற்றை அடுக்கிக் காரை நிறுத்துகிறவர்களை நம் தெருக்களில் காணலாம். அந்தக் கல் உடைவதற்கு முன் சொல்லிவிட்டு உடையாது. இரும்பு ஜாக்கி ஸ்டாண்டு இரண்டை அப்பா ஒரு லாரிப் பட்டறையில் இரவல் வாங்கி வந்தார். பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை போட்டார். நின்ற பிறகு காரை இரண்டு கைகளாலும் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை என்று உறுதியான பின்புதான் படுக்க விட்டார்.

கியர் பெட்டியின் அடியில் ஒரு வடிகால் நட்டு இருக்கிறது. அதன் தலை அறுகோணம் அன்று. நடுவில் முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது மூன்றெட்டு அங்குலச் சதுரக் குழி. ராட்செட் ஸ்பானரின் முனையே அதில் நேராகப் பொருந்தும். எண்ணெய் இளஞ்சூடாக இருக்க வேண்டும், கொதிக்கக் கூடாது. நட்டைக் கழற்றியவுடன் வந்த எண்ணெயைப் பார்த்தபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. மூன்று நாள் ஆறிய கடுங்காப்பியின் நிறம். நட்டின் உட்புறம் ஒரு காந்தம் உண்டு. அதில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தது. மிக நுண்ணிய இரும்புப் பொடிதான் அது, இயல்பானதே. ஊசி போன்ற சிம்புகளோ பல்லின் துண்டோ இருந்தால் பணிமனை சொன்ன எழுபதாயிரத்துக்கு வழி தேட வேண்டியிருந்திருக்கும். விரலால் தேய்த்துப் பார்த்தோம், களிம்பு மட்டுமே.

வடிந்ததை அளவுக் குவளையால் அளந்தோம்: சற்றேறக்குறைய இரண்டரை லிட்டர். பெட்டி முழுவதும் கொள்வது ஏறத்தாழ ஆறு லிட்டர். மீதி எங்கே? டார்க் கன்வர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் நிற்கிறது. அடி நட்டைக் கழற்றினால் அது வராது. இங்கேதான் நான் படித்த படிப்புக்கு வேலை வந்தது. ஆறில் இரண்டரை போனால் மீதி மூன்றரை; பழைய எண்ணெய் பன்னிரண்டில் ஏழு பங்கு நிற்கிறது. புதியதை ஊற்றி, வண்டியை ஓட்டி, எல்லாக் கியர்களிலும் போட்டு நன்றாகக் கலக்கச் செய்து, மறுபடி வடித்தால்? ஏழில் பன்னிரண்டு அன்று, பன்னிரண்டில் ஏழின் இருபடி: பழையது 34 விழுக்காடு. மூன்றாம் முறைக்குப் பிறகு 20 விழுக்காடு. நான்காம் முறை செய்தால் 12-க்குக் கீழே இறங்கும். கரைப்பானைச் சிறிது சிறிதாகப் பலமுறை ஊற்றிப் பிரித்தெடுக்கும்போது நெர்ன்ஸ்ட் பங்கீட்டு விதியில் நாம் போடும் அதே கணக்கு. அம்மாவுக்கு இதை விளக்கினேன். "அரிசி களையறதும் அதான? மூணு தண்ணிக்கு மேல யாரு களையறாங்க?" என்றார். நாங்களும் மூன்றோடு நிறுத்தினோம். நான்காவது இரண்டரை லிட்டரின் விலைக்குக் கிடைப்பது வெறும் எட்டு விழுக்காடு.

எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக்கூடாது. கையேட்டில் சொல்லியிருந்த வகையை அந்த நிறுவனமே பின்னாளில் நிறுத்திவிட்டு, 'டி.டபிள்யூ-1' என்ற வகையை அதற்குப் பதிலாகக் கொண்டுவந்தது. அதையே வாங்கினோம். நட்டுக்குப் புதிய அலுமினிய வாஷர் போட வேண்டும். பழையது ஒருமுறை நசுங்கியது, மறுமுறை ஒழுகும். நட்டை இறுக்க வேண்டிய அளவு 49 நியூட்டன் மீட்டர். இதற்கென்று ஒரு ஸ்பானர் இருக்கிறது. விலை எங்கள் சக்திக்கு மீறியது. அரை மீட்டர் நீளக் குழாயை ஸ்பானரில் மாட்டி, அதன் நுனியில் பழைய பேப்பர்க்காரரின் ஸ்பிரிங் தராசைக் கோத்து, செங்குத்தாக இழுத்தோம். அரை மீட்டரில் 98 நியூட்டன், அதாவது தராசில் பத்துக் கிலோ காட்டியதும் நிறுத்தினோம். அப்பா முதலில் வெறுங்கையால் இறுக்கிவிட்டு, பிறகு தராசை வைத்துச் சரிபார்க்கச் சொன்னார். முள் ஒன்பதரையில் நின்றது! நாற்பது ஆண்டுப் பழக்கத்துக்கும் பாடப்புத்தகத்துக்கும் அரைக் கிலோதான் வித்தியாசம்.

புதிய எண்ணெயை அளவுக் கம்பியின் துளை வழியே நீண்ட புனலால் ஊற்றினோம். வடிந்த அளவே ஊற்ற வேண்டும். அளவு பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சமதளத்தில் காரை நிறுத்தி, ரேடியேட்டர் விசிறி ஓடும் வரை என்ஜினைச் சூடேற்றி, நிறுத்தி, அறுபது முதல் தொண்ணூறு விநாடிக்குள் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். பிற கம்பெனிக் கார்கள் பலவற்றில் என்ஜின் ஓடும்போதே பார்ப்பார்கள். யார் சொன்னது சரி என்று திண்ணையில் வாதாடிப் பயனில்லை. அந்தந்தக் காரின் கையேடு சொன்னதே சரி.

மூன்று ஞாயிறுகளில் வேலை முடிந்தது. மூன்றாம் ஞாயிறு அடியில் படுத்துக் கழற்றியதும் இறுக்கியதும் நான். "பி.எஸ்சி. படிக்கிற பொண்ணு வண்டிக்கு அடியில கெடக்குது பாரு" என்று தெருவில் பேசினார்கள். படிக்கிற பெண் அதைச் செய்யக்கூடாது என்றால், படிக்காத என் தந்தை மட்டும் ஏன் செய்ய வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்கலாம். கை அழுக்காவது இழிவு என்ற எண்ணம் பட்டத்தோடு சேர்ந்து இனாமாக வருகிறது போலும். ஆய்வுக்கூடத்தில் சில்வர் நைட்ரேட்டால் விரல் கருத்தால் மட்டும் அது மதிப்பு.

குலுக்கல் பெரும்பாலும் போய்விட்டது. காலையில் முதல் ஒரு கிலோமீட்டரில் இலேசாக இன்னும் உண்டு. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது விளம்பரமாகிவிடும். கிளட்ச் தட்டே தேய்ந்து தீர்ந்திருந்தால் எந்த எண்ணெயும் அதைத் திருப்பித் தராது. "பழைய வண்டிக்குப் புது ஆயில் ஊற்றினால் பெட்டி போய்விடும்" என்று சொல்கிறார்களே, அந்த நம்பிக்கையின் மூலம் இதுதான் என்று நினைக்கிறேன். பெட்டி சாகும் தறுவாயில்தான் பலர் எண்ணெயை மாற்றுகிறார்கள். பிறகு அது செத்ததும் பழியை எண்ணெயின் மேல் போடுகிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

வீட்டில் செய்யலாம் என்று நான் வாதிடுவதால் எல்லாக் காரையும் எல்லாரும் திறக்கலாம் என்று பொருளாகாது. எதிர்த் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. டொயோட்டாவின் பல கார்களில் அளவுக் கம்பியே கிடையாது. எண்ணெய் 40 டிகிரியை ஒட்டிச் சூடாக இருக்கும்போது ஒரு துளை வழியே வழிவதை வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். வெப்பமானி இன்றி அதில் இறங்குவது ஆபத்து. வகைகளும் பல. 2014-இல் மாருதி செலிரியோவோடு இந்தியாவில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வகையில் இருப்பது சாதாரணக் கியர் பெட்டிதான். கிளட்சை மிதிக்கும் காலுக்குப் பதில் ஓர் இயந்திரக் கை. இந்தச் சிவப்பு எண்ணெய்க்கு அந்தப் பெட்டியில் இடமில்லை. சி.வி.டி. வகையில் இரும்புப் பட்டை ஒன்று இரண்டு கப்பிகளின் நடுவே ஓடுகிறது. அதன் எண்ணெயே வேறு, மாற்றி ஊற்றினால் பட்டை வழுக்கிப் பெட்டி பாழாகும். அதே ஹோண்டாவில் 2014-ஆம் ஆண்டின் சிட்டி கார் சி.வி.டி. வகைதான். கம்பெனி ஒன்று, எண்ணெய் வேறு. கைபேசியில் யாரோ காட்டும் படத்தைப் பார்த்துத் தம் காரின் நட்டைத் திருகுகிறவர்கள் இதை மறந்துவிடக்கூடாது. ஆனால் இவை எல்லாம் எதற்குச் சான்று? தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதற்கா, எழுதாமல் மூடி வைக்க வேண்டும் என்பதற்கா? அளவுக் கம்பியை எடுத்துவிட்டால் தவறான அளவு பார்ப்பது நிற்கும், உண்மைதான். சரியான அளவு பார்ப்பதும் நிற்குமே!

விடுதி நண்பர் ஒருவர் வேறொரு கோணத்தில் மடக்கினார். அவருடைய அண்ணன் மெக்கானிக். "நீங்கள் வீட்டிலேயே செய்துகொண்டால் எங்கள் அண்ணன் எங்கே போவார்?" என்றார். மனத்தைத் தைத்த கேள்வி. லாரிக்கும் ரிக் வண்டிக்கும் பெயர்பெற்ற மாவட்டம் நம்முடையது. லேலண்டு லாரியின் கியர் பெட்டியை இருட்டில் பிரித்துப் பூட்டும் கைகள் இங்கே ஆயிரம் உண்டு. அந்தக் கைகள் ஆட்டோமேட்டிக் என்ற பெயரைக் கேட்டதும் ஏன் பின்வாங்குகின்றன? கையேடு அவர்களுக்கும் இல்லை. உதிரி பாகமும் சோதனைக் கருவியும் எளிதில் கிடைப்பதில்லை. இது என் புலம்பல் அன்று. 2014 ஆகஸ்டு 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் இதே காரணத்துக்காக 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் விவரங்களையும் வெளிச் சந்தையில், தனி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டின் சாரம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022-இல் மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. நண்பரின் அண்ணனுடைய சோற்றில் கை வைப்பது ஞாயிற்றுக்கிழமை ஸ்பானர் பிடிக்கும் நானா, விவரத்தைப் பூட்டி வைப்பவர்களா? அண்ணனிடமே கேட்டுச் சொல்லும்படி நண்பரிடம் விட்டுவிட்டேன்.

வடித்த கழிவு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவது பாதகம். 2016-ஆம் ஆண்டு விதிகளில் அது அபாயகரக் கழிவு. சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கேட்டு ஒரு மேஸ்திரி வந்தார். அதுவும் கடைசியில் மண்ணுக்குத்தான் போகும் என்பதால், கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் ஒப்படைத்தோம். அதிலிருந்து ஒரு சிறு புட்டி மட்டும் கல்லூரிக்கு வந்தது. எங்கள் துறைப் பேராசிரியர் அனுமதியோடு ஆஸ்ட்வால்டு பாகுநிலைமானியில் பழையதையும் புதியதையும் இறக்கிப் பார்த்தோம். பார்வைக்குக் கெட்டியாகத் தெரிந்த பழைய எண்ணெய்தான் விரைவாக இறங்கியது. கியர் பெட்டிக்குள் நசுங்கி நசுங்கி அதன் நீண்ட மூலக்கூறுகள் அறுந்துபோயிருக்கின்றன. அமிலத் தன்மையையும் அளக்கலாமே என்றேன். பேராசிரியர் சிரித்தார். பினால்ப்தலீன் இளஞ்சிவப்பாக மாறும் இடத்தைக் கருப்பு எண்ணெயில் எப்படிக் காண்பது? புதியதோ பிறவியிலேயே சிவப்பு! ஆண்டுதோறும் ஆமணக்கெண்ணெயையும் கிளிசரினையுமே அளந்துகொண்டிருக்கும் நம் செய்முறை வகுப்பில் இப்படியொரு புட்டிக்கும் இடம் கொடுத்தால் என்ன என்பது என் பணிவான விண்ணப்பம். துறைத் தலைவர் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

மற்றொரு விண்ணப்பம் கார் செய்பவர்களுக்கு. தமிழ்நாட்டில், சென்னையைச் சுற்றியே எத்தனையோ கார்கள் உருவாகி உலகெங்கும் போகின்றன. அவற்றைப் பூட்டும் கைகளில் பல தமிழ்க் கைகள். தமிழில் ஒரு கையேடு அச்சிட என்ன செலவாகும்? எச்சரிக்கைப் பக்கங்களையும் பராமரிப்பு அட்டவணையையுமாவது தமிழில் தரலாமே. 'கலைச்சொல் இல்லை' என்ற பழைய சாக்கு எடுபடாது. மெக்கானிக்குகளிடம் சொற்கள் இருக்கின்றன; கேட்பார்தான் இல்லை.

அதைச் சோதித்தும் பார்த்துவிட்டேன். எங்கள் காரின் பராமரிப்புப் பகுதியை நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதி, ஸ்டாண்டு இரவல் கொடுத்த பட்டறையில் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் போனபோது நோட்டு முழுவதும் கிரீஸ் விரல் அடையாளங்கள். 'வடிகால் மரை' என்று நான் எழுதியதை அடித்து 'டிரெயின் நட்டு' என்று பென்சிலால் திருத்தியிருந்தார்கள். 'இறுக்கு விசை 49 நியூட்டன் மீட்டர்' என்பதன் பக்கத்தில், 'அரை மீட்டர் பைப்பில் பத்துக் கிலோ' என்று வேறொரு கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: "சி.வி.டி.க்கும் இதே மாதிரி எழுதித் தர முடியுமா?" அதற்கான கையேட்டை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். வைத்திருப்பவர்கள் வேதியியல் துறையில் கொடுத்துவைத்தால் ஒரு வாரத்தில் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.